காலிக் கோட்டைக்கு ஒற்றை டிக்கட்

ஐரோப்பாவின் பழைய நகரம் ஒன்றைப் பார்க்க ஆசைப்படும் இலங்கையர் முதலில் பார்ப்பது விசா அலுவலகத்தின் வாசலைத்தான். 2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விவரம், போய்வரும் டிக்கட், தங்குமிடப் பதிவு என்று ஒரு கட்டுக் காகிதம் சேர வேண்டும். ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் இதெல்லாம் ஆகிற காரியமா?

ஆகாதுதான். ஆனால் போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் கட்டி முடித்து, பிரித்தானியர் குடியிருந்த நகரம் ஒன்று விசா கேட்காமல் இந்த நாட்டிலேயே கிடக்கிறது. விடியுமுன் ருவான்வெல்லையில் பஸ் ஏறினால் காலை பத்து மணியளவில் அதன் மதில் மேல் நடக்கலாம்.

காலிக் கோட்டை 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாக்காரர் கூட்டமாக வேனில் வந்து, கலங்கரை விளக்கத்துக்கு முன் நின்று படமெடுத்து, அரை மணியில் கிளம்பிவிடுகிற இடமாகவே நம்மில் பலருக்கு அது தெரியும். தோட்டப் பாடசாலைச் சுற்றுலாவிலும் இதே கதைதான். மாத்தறைக்கும் கதிர்காமத்துக்கும் போகிற வழியில் ஒரு நிறுத்தம், ஆசிரியர் விசில் ஊதியதும் மறுபடி பஸ். கூட்டத்தோடு போகிறவருக்குக் கோட்டை அவ்வளவுதான் காட்டும். தனியாக, கையில் கொஞ்சப் பணத்தோடு, அவசரமில்லாமல் நடப்பவருக்கே அது பொருத்தமான ஊர். அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை திறந்த வெளியில் இருக்கின்றன. மதில்மேல் ஏறவும் தெருக்களில் திரியவும் யாரும் டிக்கட் கிழிப்பதில்லை. குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகர மதில் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம். அதைச் சுற்றி நடக்க முப்பது யூரோவுக்கு மேல் வாங்குகிறார்கள். இத்தாலியின் லூக்கா நகர மதில் மேல் இலவசமாக நடக்கலாம். காலி இந்த விஷயத்தில் லூக்காவின் பக்கம்.

போகும் வழி இரண்டு. ருவான்வெல்லையிலிருந்து கரவனல்ல வழியாக அவிசாவளை வரை எல்லோருக்கும் ஒரே பாதை. அங்கிருந்து ஹைலெவல் ரோட்டில் போகும் கொழும்பு பஸ்ஸில் ஏறிக் கொட்டாவையில் இறங்கினால், பக்கத்து மாக்கும்புர நிலையத்தில் காலிக்கு ஹைவே பஸ் நிற்கும். தெற்கு அதிவேகப் பாதை 2011 நவம்பரில் திறக்கப்பட்ட பிறகு, கொழும்புக்குள் நுழைந்து நெரிசலில் வேர்க்காமலே காலிக்குப் போக முடிகிறது. ஹைவே பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் வழக்கம் இல்லை. ஆளுக்கு ஒரு சீட். தனியாகப் போகும் பெண்ணுக்கு இது பெரிய நிம்மதி.

இரண்டாவது வழி ரெயில். அவிசாவளையிலிருந்து களனிவெளிப் பாதையில் கொழும்பு கோட்டை, அங்கிருந்து கரையோரப் பாதையில் காலி. களனிவெளி ரெயில் மெதுவாகத்தான் ஊரும். 1902இல் அவிசாவளைக்கு வந்தபோது அது ஒடுங்கிய தண்டவாளப் பாதை. பிறகு அகலமாக்கினார்கள், வளைவுகளோ அப்படியே இருக்கின்றன. ஒரு காலத்தில் அதன் கிளை ஒன்று எட்டியாந்தோட்டை வரை ஓடியது; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் துண்டு மூடப்பட்டது. அது இருந்திருந்தால் ருவான்வெல்லைக்காரர் வீட்டுப் பக்கத்திலேயே ரெயில் ஏறியிருக்கலாம்.

நேரம் உள்ளவருக்கு ரெயிலே மேல். மூன்றாம் வகுப்பு டிக்கட் பஸ்ஸைவிடக் குறைவு. கொழும்பிலிருந்து போகையில் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டால் கடல் பல இடங்களில் தண்டவாளத்தை ஒட்டியே வரும். அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில் பெரலிய என்ற இடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்த அன்று, காலி நோக்கிப் போன ரெயில் அங்கேதான் அலையில் சிக்கி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெட்டிக்குள் பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்தில் சற்றே அடங்கி வெளியே பார்ப்பதுண்டு.

எந்த வழியில் போனாலும் இறங்கும் இடம் ஒன்றுதான். காலி பஸ் ஸ்டேண்டும் ரெயில் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில். எதிரே கிரிக்கெட் மைதானம். அதன் பின்னால் கறுத்த மதில். ஆட்டோ பிடிக்கத் தேவையில்லை. “கோட்டையைச் சுத்திக் காட்டுறேன்” என்று கிட்ட வருபவரிடம் ‘வேண்டாம்’ என்று சிரித்துச் சொல்லிவிட்டு நடக்கலாம்.

அந்த மதிலும் சுனாமியின் ஒரு சாட்சிதான். அன்று பஸ் ஸ்டேண்டையும் மைதானத்தையும் கடல் புரட்டிப்போட்டது. மதிலுக்கு உள்ளே இருந்த ஊர் பெரும்பாலும் தப்பியது. முன்னூறு வருடத்துக்கு முந்திய எதிரியின் பீரங்கிக்குப் பயந்து எழுப்பிய சுவர், எதிர்பாராத எதிரியிடமிருந்து காப்பாற்றியது.

நிலப்பக்கத்து மதிலில் நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று பெயர் கொண்ட மூன்று கொத்தளங்கள் நிற்கின்றன. கோட்டை முழுவதையும் சேர்த்தால் கொத்தளம் 14. சந்திரக் கொத்தளத்தில் 1883இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. இன்று வாகனங்கள் புகும் பெரிய வாசல் 1873இல் பிரித்தானியர் உடைத்துத் திறந்தது. நடந்து வருகிறவர் அதைத் தவிர்த்து, கிழக்கே துறைமுகப் பக்கம் உள்ள பழைய வாசலுக்குப் போவது நல்லது. வெளிப்பக்க வளைவின் மேலே பிரித்தானிய அரச சின்னம். அதைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் 1669ஆம் ஆண்டு பொறித்த இன்னொரு கல் தெரியும். இரண்டு சிங்கங்கள் ஒரு கேடயத்தைத் தாங்கி நிற்கின்றன. கேடயத்தில் பெரிய ‘வி’ எழுத்து, அதன் இரண்டு கால்களிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோர்த்திருக்கும். உச்சியில் ஒரு சேவல். 1602இல் தொடங்கிய ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது. ஆம்ஸ்டர்டாம், மிடெல்பர்க், டெல்ப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், என்குய்சன் ஆகிய ஆறு நகரங்களின் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய கம்பனி. விசா எடுத்து அந்த நகரங்களுக்குப் போகிறவரும் இதே மூன்று எழுத்தைத்தான் தேடிப் போய்ப் பார்க்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழும். இந்தப் பழைய நகரம் எப்படி இவ்வளவு முழுசாகத் தப்பியது? கொழும்பிலும் ஒல்லாந்தர் கோட்டை இருந்தது. ‘கோட்டை’ என்று ரெயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறதே தவிர மதில் எங்கே என்று தேடினால் கிடைக்காது. 1869 முதல் 1871 வரையான காலத்தில் பிரித்தானியர் அதை இடித்துவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டிப் பெரிய துறைமுகம் அமைத்தார்கள். அதுவரை காலிக்கு வந்த கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. வியாபாரம் போன ஊரில் இடித்துக் கட்ட யாருக்கும் காசும் இல்லை, அவசரமும் இல்லை. காலியின் பழமை பிழைத்ததற்கு அதன் ஏழ்மை ஒரு முக்கிய காரணம். இன்று அதே தெருக்களில் ஒரு கோப்பைக் கோப்பி விற்கும் விலையைப் பார்க்கிறவருக்கு இதை நம்புவது கஷ்டம்.

கோட்டைக்குள் தெருக்கள் ஒடுங்கியவை, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகின்றவை. தொலைந்துபோகவே முடியாது. எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் மதில் வந்துவிடும். சேர்ச் வீதியில் 1755இல் கட்டி முடித்த ஒல்லாந்தர் தேவாலயம் இருக்கிறது. தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். குடும்பச் சின்னமும் மண்டையோடும் செதுக்கிய கற்கள். செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கவே மனம் வரும். சிறிது தள்ளி, 1871இல் அபிஷேகமான ஆங்கிலிக்கன் தேவாலயம். தெற்கு முனையில் மீரான் பள்ளிவாசல். வெள்ளை நிறமும் இரட்டைக் கோபுரமுமாகத் தூரத்திலிருந்து பார்ப்பவர் அதையும் தேவாலயம் என்றே நினைப்பார். பக்கத்தில் போனால்தான் பிறை தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் பள்ளி அது. வெள்ளிக்கிழமை நண்பகலில் வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். பௌத்த விகாரையும் உள்ளேயே உண்டு. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையோடு போவது நல்லது.

பள்ளிவாசலுக்கு எதிரே உத்ரெக்ட் கொத்தளத்தில் நிற்கிறது கலங்கரை விளக்கம். 1848இல் கட்டிய பழைய விளக்கம் தீயில் போன பிறகு, 1939இல் எழுப்பிய இது 26 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். அங்கிருந்து மதிலைப் பிடித்துக்கொண்டு மேற்கே திரும்பினால் கொடிப்பாறை வரும். உள்ளூர் இளைஞர்கள் காசுக்கு மதிலிலிருந்து பாறை நடுவே கடலில் குதிப்பார்கள். பார்க்கலாம், ‘நீங்களும் குதிங்க’ என்று யாராவது உசுப்பினால் கேட்கக் கூடாது. மதிலைச் சுற்றி முழுதாக நடக்க, நின்று நின்று போனால், ஒன்றரை மணி நேரம் ஆகும். நிழல் கிடையாது. உச்சி வெயில் நேரத்தில் மதிலை விட்டு இறங்கி, தெருவுக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் இருப்பதே புத்தி. பழைய ஒல்லாந்தர் பண்டசாலையில் உள்ள கடல்சார் அரும்பொருளகம் அந்த நேரத்துக்குத் தோதானது. அரசாங்க விடுமுறை நாள்களில் மூடியிருக்கக் கூடும், கேட்டுவிட்டுப் போகலாம்.

சூரிய, சந்திரக் கொத்தளங்களின் மேல் நின்றால் கிரிக்கெட் மைதானம் முழுதாகத் தெரியும். டெஸ்ட் போட்டி நடக்கும் நாள்களில் டிக்கட் இல்லாதவர்களின் கேலரி இந்த மதில்தான். 2010 ஜூலை 22ஆம் திகதி, தன் கடைசி டெஸ்ட்டின் கடைசிப் பந்தில் முத்தையா முரளிதரன் 800ஆவது விக்கெட்டை எடுத்தது இந்த மைதானத்தில். இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரின் பேரன் அவர். மலையகத்திலிருந்து போகிறவர் மதில் மேல் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு விதி: மதிலுக்கு வெளியே சாப்பிட வேண்டும். உள்ளே இருக்கும் கடைகள் வெளிநாட்டுப் பயணியை மனதில் வைத்து விலை போட்டவை. பஸ் ஸ்டேண்டைச் சுற்றியும் சந்தைப் பக்கமும் சோறும் கறியும் ஊர் விலையில் கிடைக்கும். காலையில் வீட்டிலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்தச் செலவும் மிச்சம். தண்ணீர்ப் போத்தல் இரண்டு வேண்டும். மாணிக்கக் கல் வாங்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் தெருவில் இருப்பார்கள். இரத்தினபுரிப் பக்கம் குழி தோண்டி எடுத்த கல்லை, சப்ரகமுவைக்காரர் இவ்வளவு தூரம் வந்து கோட்டை விலைக்கு வாங்குவதைவிட வேடிக்கை கிடையாது.

தனியாகப் போவது என்றதும் லயத்தில் முதலில் எழும் குரல் அம்மாவுடையதாகத்தான் இருக்கும். “பொம்பளப் புள்ள, தனியா அவ்வளவு தூரமா? தொணைக்குத் தம்பியக் கூட்டிக்கிட்டுப் போ.” அம்மாவின் பயம் வெறும் பயம் அல்ல, நெரிசலான பஸ்ஸில் பெண்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே ஆள் ஏற்றி நெரிக்காத ஹைவே பஸ், பகல் பயணம், போகும் வழியும் திரும்பும் நேரமும் வீட்டில் சொல்லி வைத்தல், முடிந்தால் வார நாள். போயா விடுமுறையில் கூட்டம் முட்டும், பஸ்ஸில் தொங்க வேண்டி வரும்.

தனிப் பயணிகளுக்கெல்லாம் மூத்தவரான இப்னு பதூதாவும் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். 1325இல், 21 வயதில், மொரோக்கோவின் தஞ்ஜீர் நகரிலிருந்து துணைக்கு ஒருவரும் இல்லாமல் புறப்பட்டவர். 1344இல் இலங்கைக்கு வந்து சிவனொளிபாதமலை ஏறி, தெற்கே தெவிநுவரவைப் பார்த்துவிட்டு, காலி வழியாகக் கொழும்புக்குப் போனார். ஆனால் அவரைக் குறைந்த செலவுப் பயணி என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் ஆட்களும் கொடுத்து மலைக்கு அனுப்பி வைத்தார். இப்னு பதூதா காலிக்கு வந்தபோது கோட்டையும் இல்லை, ஐரோப்பியரும் இல்லை.

காலியில் தமிழுக்கும் ஒரு பெரிய சாட்சி இருந்தது. சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹே 1409 என்று தேதியிட்டுக் கொண்டுவந்து நிறுத்திய கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுத்து. தமிழ்ப் பகுதி தெவிநுவரவில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்குப் பொன், வெள்ளி, பட்டு முதலியவற்றைக் காணிக்கையாக்குகிறது. நூற்றாண்டுகளுக்குப் பிறகு யாரோ அதைத் தெரு மதகு மூடியாக்கிவிட்டார்கள். 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். இப்போது அந்தக் கல் கொழும்பு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. ரெயில் வழியில் போகிறவர் வேறொரு நாளில் அதைத் தனியாகப் போய்ப் பார்க்கலாம். மூன்று மொழியில் நமக்குப் புரிகிறது ஒன்றுதான். அதுவும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

அந்தத் தெனாவரைக் கோயில் அழிந்த கதை ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. அவிசாவளையை ஒட்டிய சீதாவாக்கையை 1521இல் மாயாதுன்னை தலைநகராக்கினான். அவன் மகன் முதலாம் இராஜசிங்கன் 1587இல் கொழும்பிலிருந்த போர்த்துக்கேயரைப் பெரும் படையோடு வளைத்தான். முற்றுகையைக் கலைக்க வேறு வழி தெரியாத போர்த்துக்கேயர், 1588இல் கடல் வழியாகத் தெற்கே போய்த் தெவிநுவரக் கோயிலைக் கொள்ளையடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதே காலத்தில்தான் காலியில் அவர்களின் முதல் கோட்டை எழுந்தது. பிறகு கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் 1640 மார்ச் 13ஆம் திகதி அதைப் பிடித்தார்கள். பிடித்ததும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியதாகச் சிங்களத்தில் ஒரு பழமொழி இதற்காகவே புழங்குகிறது. 1796இல் பிரித்தானியர் வந்தார்கள்.

சைவனாகிவிட்ட முதலாம் இராஜசிங்கன் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பெரெண்டிக் கோயிலின் செதுக்கிய கல் மேடை அவிசாவளையில், சீதாவாக்கை ஆற்றுக்கு அப்பால் இன்னும் கிடக்கிறது. ருவான்வெல்லை டவுனிலேயே பிரித்தானியர் காலத்துச் சிறு கோட்டையின் வாசல் வளைவு நிற்கிறது, ரெஸ்ட் ஹவுஸ் வளவில். தினமும் அதைக் கடந்து கடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? காலிக்குக் காசு சேரும்வரை காத்திருக்காமல் இந்த இரண்டையும் முதலில் பார்த்துவிட்டால், பழைய கல்லையும் கோட்டை வாசலையும் நின்று பார்க்கக் கண் பழகிவிடும். பஸ் காசைத் தவிர வேறு செலவும் இல்லை.

கடைசியாக நேரக் கணக்கு. காலி மதிலில் சூரியன் மறைவதைப் பார்க்காமல் வருவதா என்று எல்லோரும் கேட்பார்கள். அதைப் பார்த்தால் அன்றிரவு வீடு வந்து சேருவது சந்தேகம். அவிசாவளைக்கு இந்தப் பக்கம் இரவில் பஸ் குறைவு, தோட்டத்துக்குள் போகிற ரோட்டில் அதைவிடக் குறைவு. ஒரு நாளில் போய்வருகிறவர் பிற்பகல் மூன்றரைக்குக் காலி ஸ்டேண்டில் இருக்க வேண்டும். அஸ்தமனம்தான் வேண்டும் என்கிறவர், மதிலுக்கு வெளியே டவுன் பக்கத்தில் முன்கூட்டியே விலை பேசி அறை எடுத்துக்கொண்டு, மறுநாள் விடியலில் வெயில் ஏறுமுன் இன்னொரு முறை மதிலைச் சுற்றிவிட்டுக் கிளம்பலாம். மே முதல் செப்டெம்பர் வரை அந்தக் கரையில் மழையும் கொந்தளிப்பும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது.